கணினிப் பாதுகாப்பு: கோத்தகிரி வகுப்புகளில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

கோத்தகிரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அலுவலகப் பணியாளர்களுக்குக் கணினி கற்றுக்கொடுப்பது என் வேலை. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், பள்ளி அலுவலகம், காட்டேஜ் நடத்துபவர்கள் என்று யாருக்கு வகுப்பெடுத்தாலும், பாடம் முடிந்து டீ வரும் நேரத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகத்தைக் கேட்பார். பெரும்பாலும் அது போன வகுப்பில் வேறொருவர் கேட்டதாகவே இருக்கும். அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே குறித்து, பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன். முன் கேள்வியைப் பார்க்கச் சொல்லியிருக்கும் இடங்களில் அதையும் படித்துவிடுங்கள்.

1. எங்க கம்ப்யூட்டர்ல இலைக் கணக்கும் சம்பளப் பட்டியலும்தான் இருக்கு. இதை யார் வந்து திருடப் போறாங்க?

உங்களைத் தேடி யாரும் வருவதில்லை என்பது உண்மைதான். ஏமாற்றுபவர்கள் ஒரே குறுஞ்செய்தியை, ஒரே மின்னஞ்சலை லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்புகிறார்கள். யார் தொட்டாலும் அவர்களுக்கு லாபம். தொட்டவர் சென்னையில் பெரிய நிறுவனத்தில் இருக்கிறாரா, கட்டபெட்டில் ஒரு சிறிய அலுவலகத்தில் இருக்கிறாரா என்பது அவர்களுக்கே பிறகுதான் தெரியவரும்.

இலைக் கணக்கு என்று சாதாரணமாகச் சொல்கிறீர்கள். அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்: தொழிற்சாலைக்குப் பச்சைத் தேயிலை போடும் விவசாயிகள் ஒவ்வொருவரின் பெயர், ஊர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், பல இடங்களில் ஆதார் நகல் உட்பட எல்லாம் இருக்கும். ஒருவரை அழைத்து, "உங்கள் இலைப் பணம் கணக்கில் ஏறவில்லை, விவரத்தைச் சரிபார்க்க வேண்டும்" என்று நம்பும்படியாகப் பேசுவதற்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அலுவலகத்தின் கணினியில் இருந்தாலும், அந்த விவரம் அத்தனை குடும்பங்களுக்கும் சொந்தமானது.

திருடாமலேயே கேடு செய்யவும் முடியும். கோப்புகளையெல்லாம் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, திறந்துகொடுக்கப் பணம் கேட்கும் நிரல்கள் உண்டு. ரான்சம்வேர் என்பது அதுதான். இலைப் பணப் பட்டுவாடாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்படி நடந்தால் அலுவலக ஜன்னலுக்கு வெளியே எத்தனை பேர் நிற்பார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

2. வைரஸ், ஹேக்கிங், பிஷிங்னு சொல்றாங்களே, எல்லாம் ஒண்ணுதானா?

வைரஸ் என்பது கணினிக்குள் புகுந்து கேடு செய்யும் நிரல். ஹேக்கிங் என்பது உரிமையில்லாத ஒருவர் உங்கள் கணினிக்குள்ளோ கணக்குக்குள்ளோ நுழைவது. பிஷிங் என்பது தூண்டில் போடுவது: வங்கி, அரசு அலுவலகம், கூரியர் நிறுவனம் என்று ஏதோ ஒரு வேடம் போட்டு, கடவுச்சொல்லையோ ஓடிபியையோ உங்களிடமிருந்தே வாங்கிக்கொள்வார்கள். இங்கே என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை மூன்றாவது வகை. கணினியின் பூட்டை உடைப்பதைவிட மனிதரை அவசரப்படுத்துவது எளிது என்பதால், கீழே இயந்திரத்தைவிடப் பேச்சைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

3. பாஸ்வேர்டு எப்படி வெச்சா நல்லது? மூணு மாசத்துக்கு ஒரு தரம் மாத்தியே ஆகணுமா?

எட்டு எழுத்துக்குள் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறியீடு என்று திணிப்பதைவிட, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதுவது நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். ஊர்ப் பெயருடன் 123 சேர்ப்பது, பிள்ளையின் பெயருடன் பிறந்த ஆண்டைச் சேர்ப்பது போன்றவற்றைக் கடவுச்சொல் தேடும் நிரல்கள் முதலிலேயே போட்டுப் பார்த்துவிடும். காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே கூறிவிட்டது. மாற்றச் சொன்னால் எல்லோரும் கடைசி எண்ணை 1இலிருந்து 2 ஆக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெளியே தெரிந்துவிட்டதோ என்ற சந்தேகம் வந்தாலும், கடவுச்சொல்லை அறிந்த பணியாளர் வேலையை விட்டுப் போனாலும், அன்றே மாற்றுங்கள்.

ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைப்பதுதான் நான் காணும் பெரிய தவறு. குறிப்பாக மின்னஞ்சலுக்கு வைத்திருப்பது வேறெங்கும் இருக்கக்கூடாது, ஏனென்றால் மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்புகள் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வருகின்றன. இத்தனையையும் நினைவில் வைக்க முடியாது என்பவர்கள் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலியைப் பயன்படுத்தலாம். வீட்டில் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டிவைத்தாலும் நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் ஓர் அலுவலகத்தில் அதை மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டரின் கீழ் விளிம்பில் ஒட்டியிருந்தார்கள். ஈரத்தில் பசை விட்டுப்போனதால் மேலே செல்லோடேப் வேறு போட்டிருந்தார்கள். இலைப் பணம் கேட்டு வருபவர்கள் நிற்கும் ஜன்னலிலிருந்து அதை எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது.

4. டூ ஸ்டெப் போடச் சொல்றீங்க. எங்க ஊர்ல சிக்னலே நிக்காது, ஓடிபி வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுடும். அப்புறம் நானே உள்ள போக முடியாதே?

மஞ்சூர், குந்தா பக்கத்திலிருந்து வருபவர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள், நியாயமான கேள்வி. கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்று கேட்பதுதான் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. அந்தச் சான்று குறுஞ்செய்தியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. ஆத்தென்டிகேட்டர் என்ற வகைச் செயலியைக் கைபேசியில் நிறுவி ஒருமுறை இணைத்துவிட்டால், 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணை அது தானே கணக்கிட்டுக் காட்டும். அதற்குச் சிக்னலும் வேண்டாம், இணையமும் வேண்டாம். கைபேசியின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். வங்கிகள் பெரும்பாலும் குறுஞ்செய்தியைத்தான் பயன்படுத்துகின்றன என்றாலும், மின்னஞ்சலுக்கு இந்த வழி உண்டு, முதலில் காக்க வேண்டியதும் அதைத்தான்.

இணைக்கும்போது, கைபேசி தொலைந்தால் பயன்படுத்துவதற்கென்று சில மாற்று எண்களைத் தருவார்கள். அவற்றை முந்தைய பதிலில் சொன்ன பீரோ நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் அமைப்புகளுக்குள் சென்று ஆறு இலக்கப் பின் எண்ணை வையுங்கள். உங்கள் ஓடிபியை யாராவது ஏமாற்றி வாங்கிவிட்டாலும் அந்தப் பின் இல்லாமல் உங்கள் பெயரில் வாட்ஸ்அப்பைத் தொடங்க முடியாது.

5. பணம் வாங்கறதுக்கும் பின் நம்பர் போடணுமா? ரூம் புக் பண்றவர் அப்படித்தான் சொன்னார்.

போட வேண்டாம். யூபிஐயில் பின் எண் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கான ஒப்புதல்; இருப்பைப் பார்க்கவும் அது கேட்கப்படும். பணம் வருவதற்கு நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வதும் பணம் கொடுப்பவரின் வேலை.

காட்டேஜ் நடத்துபவர்களிடம் இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அழைப்பவர் தன்னை ராணுவ அதிகாரி என்பார். குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் ராணுவ அதிகாரிகளுக்கான கல்லூரி இருப்பதால் இந்த மலையில் அது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றுவதில்லை. நான்கு அறை, மூன்று நாள் என்பார், பேரம் பேசமாட்டார், சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வரும். முன்பணம் கேட்டதும், "எங்கள் கணக்கிலிருந்து வரும் முறை வேறு, நான் அனுப்பும் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் போடுங்கள், முதலில் ஐந்து ரூபாய் சோதித்துப் பார்ப்போம்" என்பார். அந்த ஐந்து ரூபாயைச் சில சமயம் பத்தாகத் திருப்பியும் அனுப்புவார்கள், நம்பிக்கை வருவதற்காக. அடுத்த குறியீட்டில் இருக்கும் தொகை பன்னிரண்டாயிரம். திரையில் "செலுத்து" என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் காதில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருக்கும்போது கண் அதைப் படிப்பதில்லை. பேச்சை நிறுத்தி, கைபேசியைக் கீழே வைத்து, திரையை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

தனிநபர்கள் பணம் கேட்டு ஒருவருக்கொருவர் யூபிஐயில் அனுப்பும் கோரிக்கைகளை 2025 அக்டோபர் 1 முதல் யூபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது, ஆனால் கியூஆர் வழி அப்படியே இருக்கிறது. இன்னொரு வகையும் உண்டு: "தவறுதலாக இருபதாயிரம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று சொல்லி, வங்கி அனுப்பியது போன்ற ஒரு குறுஞ்செய்தியைக் காட்டுவார்கள். குறுஞ்செய்தியை யாரும் தட்டச்சு செய்யலாம். இருப்பைத்தான் பார்க்க வேண்டும்.

6. பேங்க்ல இருந்து பேசறேன்னு சொன்னா, நிஜமா பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கண்டுபிடிக்க முயல வேண்டாம் என்பதே என் பதில். குரலை வைத்தோ, திரையில் தெரியும் பெயரை வைத்தோ, உங்கள் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அவருக்குத் தெரிந்திருப்பதை வைத்தோ முடிவு செய்ய முடியாது. முதல் கேள்வியில் சொன்ன கோப்பு போன்ற ஒன்று அவர் கையில் இருக்கலாம். "சரி, நானே கிளைக்குக் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். பிறகு ஏடிஎம் அட்டையின் பின்புறமோ பாஸ்புத்தகத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்கள் அழையுங்கள். உண்மையான வங்கி அலுவலர் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே போதுமான அடையாளம்.

கூகுளில் தேடி எடுத்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைக்காதீர்கள். ஏமாற்றுபவர்கள் தங்கள் எண்ணை வங்கியின் பெயரில் அங்கே போட்டுவைப்பதுண்டு. அப்போது நீங்களே அவர்களைத் தேடிப் போனதாகிவிடும். வங்கிகள் வாடிக்கையாளர்களை அழைப்பதற்கென்று 1600 என்று தொடங்கும் எண்கள் இப்போது ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து "மேலாளர்" பேசினால் சந்தேகப்பட இது கூடுதல் காரணம். ஆனாலும் 1600 என்று தெரிந்துவிட்டதாலேயே ஓடிபியைச் சொல்லிவிடக் கூடாது. எந்த எண்ணிலிருந்து வந்தாலும் ஓடிபியைக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

மலையில் இது ஏன் அதிகம் பலிக்கிறது என்று யோசித்திருக்கிறேன். பல ஊர்களிலிருந்து வங்கிக் கிளைக்குப் போய்வர ஒரு பகல் ஆகிவிடும். மழைக்காலத்தில் சாலையில் மரம் விழுந்தால் அதுவும் முடியாது. நம்மவர்களுக்குத் தொலைபேசிதான் கிளை. "இன்று மாலைக்குள் கேஒய்சி முடிக்காவிட்டால் கணக்கு முடங்கும்" என்று ஒருவர் சொன்னால், பயணத்தை மிச்சப்படுத்தித் தருகிறாரே என்று நன்றியோடுதான் அதைக் கேட்கிறோம். பயணச் செலவு போனாலும் சரி, கேஒய்சியைக் கிளையிலோ வங்கியின் சொந்தச் செயலியிலோ மட்டும் முடியுங்கள்.

7. வெப்சைட்டுல பூட்டுப் படம் இருந்தா பாதுகாப்புதானே?

இல்லை. நீங்கள் தட்டச்சு செய்வதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே பூட்டு சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதைச் சொல்வதில்லை. போலித் தளங்களும் பூட்டு வாங்கிக்கொள்கின்றன. இந்தத் தவறான நம்பிக்கை பரவிவிட்டதால் 2023இல் குரோம் உலாவி அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

பார்க்க வேண்டியது முகவரியை. முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படித்துக்கொண்டு போங்கள். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. அந்தச் சொற்கள் முகவரியின் நடுவில் எங்கோ வந்து, கடைசியில் "டாட் காம்" என்று முடிந்தால் அது வங்கியின் தளம் இல்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானதிலிருந்து, உங்களிடம் தங்க வருபவர்கள் அதன் இணைப்பைக் கேட்கிறார்கள். மாவட்ட நிர்வாகம் அறிவித்த இணைப்பை மட்டும் அனுப்புங்கள். அந்த அனுமதிக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடச் சொல்லுங்கள்.

8. வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னு வந்துச்சு, தொட்டுட்டேன். அது ஏபிகேவாம். இப்ப என்ன செய்யறது?

ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கும். அதைப் பார்க்க எதையும் நிறுவ வேண்டியதில்லை. போக்குவரத்து அபராதம், விவசாயிகள் உதவித்தொகை, மின் கட்டணம் என்ற பெயர்களிலும் இதே கோப்பு வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்பாதீர்கள். அவருடைய கைபேசி மாட்டிக்கொண்டதால்தான் அவர் பெயரில் உங்களுக்கு வந்திருக்கும்.

எதுவரை போனீர்கள் என்பதைப் பொறுத்தது ஆபத்து. கோப்பு இறங்கியதோடு நின்றிருந்தால் அழித்துவிடுங்கள், போதும். நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்கவும் திரையைக் கட்டுப்படுத்தவும் அனுமதி கொடுத்திருந்தால், உங்களுக்கு வரும் ஓடிபி அவர்களுக்கும் போகும். உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபையையும் அணையுங்கள். வேறொருவர் கைபேசியிலிருந்து வங்கிக்கு அழைத்து இணைய வங்கிச் சேவையையும் யூபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு படங்களையும் தொடர்பு எண்களையும் காப்பாற்றிக்கொண்டு, கைபேசியை முழுவதுமாக அழித்துப் புதிது போல் ஆக்குவதே நல்லது, ஏனென்றால் அந்தச் செயலியை நீக்கிவிட்டதாகத் தோன்றினாலும் சில சமயம் ஒளிந்திருக்கும். கடவுச்சொற்களை மாற்றுவதை வேறொரு கருவியிலிருந்து செய்யுங்கள். பழுதுபார்க்கிறேன் என்று எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்பவர்களுக்கும் இடம் கொடுக்காதீர்கள். உங்கள் திரையை அப்படியே அவர்கள் கையில் கொடுப்பதாகும்.

9. ஆன்டிவைரஸ் போட்டிருக்கோம். அப்டேட் வேற எதுக்கு? டேட்டா எல்லாம் தீர்ந்துடுது.

ஆன்டிவைரஸ் காவலாளி என்றால், அப்டேட் என்பது சுவரில் விழுந்த ஓட்டையை அடைப்பது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பல நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட்டைத் தள்ளிப்போட்டவர்களும், திருத்தமே கிடைக்காத பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களும்தான் மாட்டினார்கள்.

விண்டோஸ் 10க்கான இலவசத் திருத்தங்கள் பொதுவாக 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. புதிய கணினி வாங்க இப்போது வசதியில்லை என்றால், பழையதை இணையத்திலிருந்து துண்டித்து இலைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மின்னஞ்சலையும் வங்கி வேலையையும் வேறு கணினியில் செய்யுங்கள். திருட்டு விண்டோஸ், திருட்டுக் கணக்கு மென்பொருள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவற்றை உடைத்துத் தருபவர் உங்கள் மேல் இரக்கப்பட்டுத் தருவதில்லை.

10. பென்டிரைவ்ல காப்பி எடுத்து வெச்சிருக்கேன், போதாதா?

அந்தப் பென்டிரைவ் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கணினியிலேயே செருகியிருந்தால், ரான்சம்வேர் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் என்பது இத்துறையில் பழைய விதி. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஒன்று என்று வைத்தால் விதி நிறைவேறிவிடும். ஹார்ட் டிஸ்க்கைப் பிரதி எடுத்ததும் கழற்றிவிட வேண்டும்.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை. மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. பிரதி எடுக்கும் நடுவில் போனால் கோப்பு பாதியில் கெட்டுவிடும், ஆகவே யூபிஎஸ் இருக்கும்போது மட்டும் எடுங்கள். அடுத்தது ஈரம். ஓர் அலுவலகத்தில் நான்கு வருடக் கணக்கை ஒரு டிஸ்க்கில் எடுத்து, துணியில் சுற்றி, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட அன்று எடுத்துப் பார்த்தால் துணியில் பூஞ்சை, டிஸ்க்கின் முனையில் பச்சைத் துரு. நான் செருகிப் பார்த்தேன், விளக்குக்கூட எரியவில்லை. கணக்கர் ஒன்றும் பேசாமல் அந்தத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். பிரதி எடுப்பதோடு விட்டுவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் வைப்பது நல்லது.

11. உரக் கம்பெனி மெயில்ல புது அக்கவுண்ட் நம்பர் அனுப்பியிருக்கு. மெயில் ஐடி சரியாத்தான் இருக்கு. அனுப்பலாமா?

மின்னஞ்சல் முகவரி சரியாக இருந்தாலும் அனுப்பக் கூடாது. அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலுக்குள் ஒருவர் நுழைந்து, உங்களுக்குள் நடக்கும் கடிதப் போக்குவரத்தைப் பல நாள் படித்துவிட்டு, பில் அனுப்பும் நாளில் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி எழுதியிருக்கலாம். பழைய பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அழைத்தால் அதே ஆள்தான் எடுப்பார். ஆறாம் கேள்விக்குச் சொன்ன அதே வழிதான் இது.

"நான் மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, உடனே அனுப்பிவிட்டுச் சொல்" என்று மேலதிகாரியின் படத்துடன் வரும் வாட்ஸ்அப் செய்திக்கும் இது பொருந்தும். இங்கே ஒன்றை மேலதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு இளநிலைப் பணியாளர் உங்களை அழைத்து, "ஐயா, இந்தப் பணத்தை நீங்கள்தான் அனுப்பச் சொன்னீர்களா?" என்று கேட்டால், அவரை ஒருமுறை கடிந்துகொண்டாலும் அடுத்த முறை அவர் கேட்கமாட்டார். புதிய கணக்குக்குப் போகும் எந்தத் தொகையையும் இருவர் பார்த்தே அனுப்ப வேண்டும் என்பதை அலுவலக விதியாக எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள். விதி இருந்தால், கேட்பவர் தயங்க வேண்டியதில்லை.

12. ஜெராக்ஸ் கடைக்கு ஆதாரை வாட்ஸ்அப்ல அனுப்பித்தான் பிரிண்ட் எடுக்கறோம். அதுல என்ன தப்பு?

கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் கணினியில் நூற்றுக்கணக்கானவர்களின் ஆதார் கிடக்கிறது, அதில் யார் யாரோ உட்கார்ந்து எழுகிறார்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கலாம். அது போதுமான இடங்களில் அதையே கொடுங்கள். விரல்ரேகையையும் அங்கேயே பூட்டிவைத்து, தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். கடைக் கணினியில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், வீடு வருவதற்குள் "இணைத்த சாதனங்கள்" பகுதியில் பார்த்து நீக்கிவிடுங்கள்.

13. போலீஸ் வீடியோ கால்ல வந்து, பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, டிஜிட்டல் அரெஸ்ட்னு சொன்னாங்க. அப்படி ஒண்ணு இருக்கா?

இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் இதைப் பற்றி எச்சரித்தார். எந்தக் காவல் துறையும் நீதிமன்றமும் வீடியோ அழைப்பில் கைது செய்யாது, பணத்தைச் "சரிபார்ப்பதற்காக" வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்லாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் ஓய்வுபெற்றவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அழைப்பவர் மிரட்டுவதுதான் அவர்களை முடக்குகிறது. உங்கள் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், இந்த ஒரு பதிலையாவது அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

14. பணம் போயிடுச்சு. முதல்ல ஸ்டேஷனுக்குப் போகணுமா, பேங்குக்கா?

இரண்டுக்கும் முன்பு, இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். நீங்கள் சொல்லும் விவரம் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே அனுப்பப்பட்டு, அது இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் அங்கேயே நிறுத்தப்படும். ஏமாற்றுபவர்கள் பணத்தைக் கணக்குக் கணக்காக மாற்றிக்கொண்டே போவதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் கணக்கு எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கூடவே வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். "சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்" தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்து, குறுஞ்செய்திகளையும் அழைப்பு விவரத்தையும் அழிக்காமல் படமெடுத்து இணையுங்கள்.

பலர் இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடம் வருகிறார்கள். வீட்டில் என்ன சொல்வார்கள், ஊரில் சிரிப்பார்களே என்ற வெட்கத்தில் அந்த இரண்டு நாள் போய்விடுகிறது. இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏமாந்தவர்களில் படித்தவர்கள், அதிகாரிகள், கணினி தெரிந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். சில நாள் கழித்து, போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் மட்டும் கொடுங்கள் என்று யாராவது அழைத்தால் அதுவும் ஏமாற்றுதான்; உங்கள் எண் அவர்களிடம்தானே இருக்கிறது.

15. ஓடிபியை நான்தான் சொன்னேன். அப்ப பேங்க் பொறுப்பே இல்லையா? புகார் கொடுத்து என்ன பயன்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதைப் பிரித்துச் சொல்கிறது. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போய், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால், உங்களுக்கு இழப்பு இல்லை. நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் இழப்பு. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. ஆகவே தவறு உங்களுடையதாக இருந்தாலும், தெரிவித்த நேரம் மிக முக்கியம். தெரிவித்ததற்கான குறுஞ்செய்தியையோ மின்னஞ்சலையோ பத்திரப்படுத்துங்கள். 1930 வழியாக நிறுத்திவைக்கப்பட்ட பணம் திரும்பிவரவும் வாய்ப்பு உண்டு. அதற்கும் புகார் இருந்தாக வேண்டும்.

16. பையனோட ஃபிரெண்டு அவன் அக்கவுண்டை ஒரு மாசத்துக்குக் கேட்கறான், கமிஷன் தர்றானாம். கொடுக்கலாமா?

கூடவே கூடாது. ஏமாற்றிப் பறித்த பணத்தைக் கடத்துவதற்குத்தான் இப்படிப் பிறர் கணக்குகளை வாங்குகிறார்கள். காவல் துறை முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில். ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடுத்துவிட்டு, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்வது எடுபடாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கியில் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் நீங்கள் அறியாத சிம் இருக்கிறதா என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

17. நான் ஒரு தப்பும் செய்யல. தங்க வந்தவர் வாடகையை யூபிஐல கொடுத்தார். இப்ப என் கணக்கை முடக்கி வெச்சிருக்காங்க. என்ன செய்யறது?

உங்களுக்கு வாடகை கொடுத்த கணக்கில் ஏமாற்றுப் பணம் இருந்திருக்கும். 1930 புகாரின்படி பணம் போன தடத்தைத் தொடரும்போது, அதைப் பெற்ற உங்கள் கணக்கும் அதில் வந்துவிடுகிறது. பதற வேண்டாம், முதலில் வங்கிக் கிளைக்குச் சென்று, எந்த மாநிலத்தில் எந்தக் காவல் நிலையத்தின் கோரிக்கையால், எந்தப் புகார் எண்ணில், எவ்வளவு தொகைக்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். பல சமயம் அந்தத் தொகைக்கு மட்டும்தான் தடை இருக்க வேண்டும். கணக்கு முழுவதையும் முடக்கியிருந்தால், அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மீதியைத் திறக்கும்படி எழுதிக் கொடுங்கள்.

பிறகு அந்த விசாரணை அதிகாரிக்கு, தங்கியவரின் அடையாள அட்டை நகல், பதிவேட்டின் பக்கம், பில், யூபிஐ பரிவர்த்தனை எண் ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்பி, வங்கிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பதிவேடு எழுதாதவர்கள் இந்த இடத்தில்தான் மிகவும் திண்டாடுகிறார்கள். வந்தவர் பெயர், வாகன எண், வந்த நேரம், தொகை, பணம் வந்த யூபிஐ முகவரி ஆகியவை ஒரே வரியில் இருக்கும்படி பதிவேட்டில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பணத்தை வேறொருவர் கணக்கிலிருந்து அனுப்புகிறேன் என்று தங்க வருபவர் சொன்னால், அந்த ஒருவர் யார் என்பதையும் அதே வரியில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.